தர்பார் நடைவழியில் சில முகங்கள்

நாள் 1: ஹம்பர்க்

மாலை ஆறு மணிக்குக் கயிற்றை அவிழ்த்தார்கள். அவ்வளவு பெரிய கப்பல் சத்தமே இல்லாமல் கரையை விட்டு விலகியது. பக்கத்தில் இருந்த கட்டடம் நகர ஆரம்பித்த பிறகுதான் நாங்கள் நகர்கிறோம் என்றே தெரிந்தது.

ஹம்பர்க் துறைமுகம் கடலோரத்தில் இல்லை. எல்பே ஆற்றில் நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி இருக்கிறது. அதனால் முதல் சில மணி நேரம் ஆற்றுப் பயணம்தான். பிளாங்கனேசா குன்றில் அடுக்கடுக்காக வீடுகள், கரையில் நாயோடு நடப்பவர்கள், மணலில் விளையாடும் பிள்ளைகள். வேடல் என்ற ஊர் வந்ததும் கரையிலிருந்து ஒலிபெருக்கியில் ஒரு தேசிய கீதம் கேட்டது. வரும் கப்பல், போகும் கப்பல் எல்லாவற்றுக்கும் அதனதன் நாட்டுப் பண்ணை இசைத்துக் கொடியை இறக்கி ஏற்றுவார்களாம். 1952 முதல் நடக்கிறது என்று மகள் சொன்னாள். யாரோ முகம் தெரியாதவர்கள் நம்மை வழியனுப்ப நிற்கிறார்கள் என்ற நினைப்பில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

மொத்தம் ஏழு நாள். சதாம்ப்டன், லே ஹாவர், ஸேப்ரூகே, ராட்டர்டாம், மறுபடி ஹம்பர்க். நான், இவர், இங்கே வேலை பார்க்கும் மகள், மூன்று பேர். இந்தியப் பாஸ்போர்ட்டில் வருகிறவர்களுக்கு ஒரு சேதி: ஐரோப்பாவுக்கு எடுத்த ஷெங்கன் விசா சதாம்ப்டனில் இறங்க உதவாது. பிரிட்டன் விசா தனியாக வேண்டும். நாங்கள் ஊரிலேயே எடுத்துக்கொண்டு வந்தோம்.

நாள் 2: கடலில்

இன்று முழுக்கக் கடல்தான். வடகடல் நாள் பூராவும் ஈயத்தட்டு மாதிரி கிடந்தது. எழுத அதிகம் இல்லை. நாளை போகப்போகும் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

சதாம்ப்டனில் கப்பல் ஒரு பகல் நிற்கும். பெரும்பாலானவர்கள் பஸ் ஏறி லண்டன் போகிறார்கள். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், நடுவில் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுதான் லண்டன். எனக்கு அது வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். சதாம்ப்டனுக்கு எதிரே, வைட் தீவில், விக்டோரியா மகாராணி வெயில் காலத்தையும் கிறிஸ்துமஸையும் கழித்த ஆஸ்போர்ன் மாளிகை இருக்கிறது. அங்கேதான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன்.

மகாராணிக்காக அந்தப் பிடிவாதம் இல்லை. என் அப்பா தச்சர். கதவு, நிலை, தூண், தேர்ப் பொம்மை என்று நாற்பது வருஷம் உளி பிடித்தவர். அவர் இழைத்த நிலைக்கதவுகள் இன்னும் எங்கள் ஊர்ப் பக்கம் பல வீடுகளில் இருக்கின்றன. எதிலும் அவர் பெயர் கிடையாது. பழைய கட்டடம் எதைப் பார்த்தாலும், கட்டச் சொன்னவர் பெயரை விட்டுவிட்டு வேலை செய்தவர் பெயரைத் தேடுவது எனக்கு அப்படி வந்த பழக்கம். ஆஸ்போர்னில் ஒரு பெயர் உண்டு: பாய் ராம் சிங். பஞ்சாபில் தச்சர் குடும்பத்தில் பிறந்தவர். லாகூரில் மேயோ கலைப் பள்ளியில் படித்து, அங்கேயே பாடம் சொல்லிக்கொடுத்தவர். அந்தப் பள்ளியின் முதல்வர் ஜான் லாக்வுட் கிப்ளிங்கின் பரிந்துரையில் 1891 தொடக்கத்தில் ஆஸ்போர்னுக்கு வந்து, மகாராணிக்காக ஒரு தர்பார் மண்டபத்தின் வேலையைச் செய்து முடித்தார்.

அந்த மண்டபத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

நாள் 3: சதாம்ப்டன், ஆஸ்போர்ன்

காலை ஐந்து மணிக்கு மேல் தளத்துக்குப் போனேன். ஜூன் மாதம் என்பதால் நன்றாக விடிந்திருந்தது. கப்பல் சோலன்ட் நீரிணைக்குள் மெதுவாக நுழைந்துகொண்டிருந்தது. இடது பக்கம் வைட் தீவு, பச்சை மேடு. மரங்களுக்கு மேலே வெளிர் மஞ்சளில் இரண்டு சதுரக் கோபுரங்கள். படத்தில் பார்த்துப் பார்த்துப் பழகியதால் உடனே அடையாளம் தெரிந்தது. பக்கத்தில் நின்ற ஜெர்மன் அம்மாளிடம் கையைக் காட்டி "ஆஸ்போர்ன்" என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

சதாம்ப்டனைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1912 ஏப்ரல் 10 அன்று டைட்டானிக் கிளம்பிய ஊர். ஒரே அலையேற்றம் இங்கே இரண்டு முறை உச்சம் தொடும். தண்ணீர் அதிக நேரம் ஆழமாகவே நிற்பதால் பெரிய கப்பல்களுக்கு வசதி. துறைமுகத்திலிருந்து டாக்ஸி பிடித்து ரெட் ஃபனல் படகுத்துறைக்குப் போனோம். கார்கள் ஏறும் பெரிய ஃபெர்ரி, கிழக்கு கௌஸுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். தேநீர் குடித்து முடிப்பதற்குள் தீவு வந்துவிட்டது. அங்கிருந்து மாளிகைக்கு ஏற்றமான சாலை. நடக்கலாம், ஆனால் இவருக்கு முழங்கால் வலி என்பதால் பஸ் ஏறினோம்.

வாசலில் நின்று பார்த்தபோது முதலில் தோன்றியது, இது அரண்மனை மாதிரி இல்லையே என்பதுதான். இத்தாலியப் பணக்காரர் வீடு மாதிரி இருந்தது. காரணம் இருக்கிறது. லண்டன், விண்ட்ஸர் அரண்மனைகள் அரசுக்குச் சொந்தம். பிள்ளைகளோடு தங்களுக்கென்று ஒரு வீடு வேண்டும் என்று விக்டோரியாவும் கணவர் ஆல்பர்ட்டும் 1845-ல் சொந்தப் பணத்தில் இந்த நிலத்தை வாங்கினார்கள். பழைய வீடு போதாது என்று இடித்துவிட்டார்கள். சோலன்ட் காட்சி நேப்பிள்ஸ் வளைகுடாவை நினைவுபடுத்தியதால் ஆல்பர்ட் இத்தாலிய பாணியைத் தேர்ந்தெடுத்தார். லண்டனில் பெரிய பெரிய தெருக்களையே கட்டிய தாமஸ் க்யூபிட் கட்டுமான வேலையை எடுத்துக்கொண்டார். 1851-ல் வேலை முடிந்தது. சுவர் கல் மாதிரி தெரிகிறது. கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தேன். செங்கல் மேல் சிமெண்ட் பூச்சு, கல் இணைப்பு மாதிரி கோடு இழுத்திருக்கிறார்கள். நல்ல கொத்தனார் கை.

உள்ளே சிலைகள் நிறைந்த பெரிய நடைவழி, சாப்பாட்டு அறை, மஞ்சள் பட்டில் தகதகக்கும் வரவேற்பு அறை. அந்த வரவேற்பு அறையில் கண்ணாடி மூடிக்குள் குழந்தைகளின் கையும் காலும் வெள்ளைப் பளிங்கில். பிள்ளைகள் கைக்குழந்தையாக இருந்தபோது அளவெடுத்துச் செய்து வைத்தது. மகளுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை, நகர்ந்துவிட்டாள். நான் நின்று பார்த்தேன். ஒன்பது பிள்ளை பெற்ற ஒரு தாய், அவர்கள் வளர்ந்துவிடுவார்களே என்று பயந்திருக்கிறாள்.

மாடியில் இரண்டு எழுதுமேஜைகள் பக்கத்தில் பக்கத்தில். ராணிக்கு ஒன்று, கணவருக்கு ஒன்று. 1861 டிசம்பரில், 42 வயதில் ஆல்பர்ட் இறந்த பிறகும் அந்த மேஜை அங்கேயேதான் இருந்திருக்கிறது. அதற்கு நேர் மேல் மாடியில் குழந்தைகள் அறை. அழுதால் காதில் விழ வேண்டும் என்று யோசித்துக் கட்டியது போலத்தான் எனக்குப் பட்டது. படுக்கையறையில் கட்டிலின் தலைமாட்டில் ஆல்பர்ட்டின் படம். 1901 ஜனவரி 22 அன்று, 81 வயதில், விக்டோரியா இந்த அறையில்தான் இறந்தார். மகன் ஏழாம் எட்வர்டுக்கு இந்த வீடு வேண்டியிருக்கவில்லை. மறு வருஷம் நாட்டுக்கே கொடுத்துவிட்டார். ஒரு பக்கம் கடற்படைப் பள்ளி வந்தது, ஒரு பக்கம் நோயுற்ற ராணுவ அதிகாரிகள் தேறும் விடுதி வந்தது. ஆனால் அம்மாவின் அறைகளை மட்டும் இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிட்டார்கள். பொதுமக்கள் அதைப் பார்த்தது 1954-ல்தான்.

அந்த அறையில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். இவர்கூடத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் கீழே இறங்கி, தர்பார் பகுதி.

முதலில் மண்டபத்தையே சொல்கிறேன். உள்ளே காலை வைத்ததும் கண் கூசியது. தரையிலிருந்து கூரை வரை வெள்ளை. கட்டம் கட்டமாகப் பள்ளம் விட்ட கூரை, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பின்னல் பின்னலாக வேலை. தூண், போதிகை, மாடம், ஜன்னல் வளைவு, எங்கேயும் ஒரு சாண் இடம் சும்மா விடவில்லை. கணப்புக்கு மேலே தோகை விரித்த மயில். வாசலுக்கு மேலே நம் பிள்ளையார். எல்லாம் சுதை வேலை, பளு குறைவதற்காகக் கூரையில் காகிதக் கூழும் சேர்த்திருக்கிறார்கள். ராம் சிங் முதலில் ஒரு மாதிரி வடிவத்தைச் செதுக்குவார், அதிலிருந்து அச்சு எடுத்து வார்ப்பார்கள். கிப்ளிங் லாகூரிலிருந்து யோசனை சொல்ல, ராம் சிங் இங்கே குளிரில் நின்று செய்திருக்கிறார். தீவின் ஜனவரிக் குளிரில் ஈரச் சுதையைத் தொட்டு வேலை பார்ப்பது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். எங்கள் ஊரில் மார்கழிக் காலையில் அப்பா உளியை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார்.

விக்டோரியா கடைசி வரை இந்தியாவுக்கு வந்ததில்லை. வர முடியாத நாட்டைச் சாப்பாட்டுக் கூடமாகக் கட்டி வைத்துக்கொண்டார். விருந்தெல்லாம் இங்கேதான் நடந்தது. சுற்றிலும் கண்ணாடிப் பெட்டிகளில் இந்திய நகரங்களும் சமஸ்தானங்களும் அனுப்பிய வெள்ளிப் பேழைகள், தந்த வேலைகள், வாழ்த்து மடல்கள்.

அழகு என்று சொல்லி மேலே போக என்னால் முடியவில்லை. அவரை இந்தியாவின் பேரரசி என்று தில்லியில் தர்பார் கூட்டி அறிவித்தது 1877 ஜனவரி 1. அந்த நாளில் சென்னை மாகாணம் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தது. நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வார்களே, அதேதான். லட்சக்கணக்கில் ஜனங்கள் போனார்கள். அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டிய பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்சத்தின் நிவாரண வேலை. வெட்டியவர்கள் பசியில் இருந்தவர்கள். தர்பார் என்ற சொல்லை அந்த வாசலில் படித்தபோது எனக்கு அந்தக் கால்வாய்தான் நினைவுக்கு வந்தது. மகளிடம் சொன்னேன். "இதெல்லாம் எங்களுக்கு ஸ்கூல்ல சொல்லவே இல்லையேம்மா" என்றாள்.

மண்டபத்தை ஒட்டிய நடைவழியில்தான் நான் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. சுவர் நெடுக முகங்கள். பெரிய ராஜா படங்களும் உண்டு. பத்து வயதில் பஞ்சாப் அரியணையை இழந்த துலீப் சிங், பதினைந்து வயதுப் பையனாக, முத்து மாலையோடு, வின்டர்ஹால்டர் வரைந்தது. நம் பக்கத்துக் குடகின் இளவரசி கௌரம்மா. தகப்பனார் நாட்டை இழந்து இங்கிலாந்து வந்து, மகளை விக்டோரியாவின் பொறுப்பில் விட்டார். சின்ன வயதிலேயே, 1864-ல் போய்ச் சேர்ந்தாள்.

ஆனால் என்னை நிறுத்தியவை சின்னப் படங்கள். பல ஒரு சாண் உயரம்தான். ருடால்ஃப் ஸ்வோபோடா என்ற ஆஸ்திரிய ஓவியர் வரைந்தவை. 1886-ல் லண்டனில் நடந்த குடியேற்ற நாடுகள் மற்றும் இந்தியக் கண்காட்சிக்கு, இந்தியாவிலிருந்து கைவினைஞர்கள் முப்பத்துச் சொச்சம் பேரைக் கூட்டி வந்தார்கள். கூட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து பானை வனைய, கம்பளம் நெய்ய, செதுக்க. அவர்களில் பெரும்பாலோர் தொழில் கற்றது ஆக்ரா சிறையில். சிலரை ஸ்வோபோடா வரைந்தார். ராணிக்குப் பிடித்துப்போய், இன்னும் இப்படி முகங்கள் வேண்டும் என்று அவரை இந்தியாவுக்கே அனுப்பி வைத்தார்.

பக்ஷிராம், குயவர். நூறு வயது தாண்டியவர் என்று குறித்திருக்கிறார்கள். தாடி முழுக்க நரை, கண்ணில் களைப்பு, ஆனால் முகத்தில் ஒரு அமைதி. ராம்லால், கம்பளம் நெய்பவன். ஒன்பது வயது.

ஒன்பது வயது என்றால் நாலாம் வகுப்பு. முப்பத்திரண்டு வருஷம் நாலாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த வயதுப் பிள்ளையின் முகம் எனக்கு மனப்பாடம். பல் விழுந்து முளைத்திருக்கும், கன்னம் இன்னும் வற்றியிருக்காது. ராம்லாலும் அப்படித்தான் இருக்கிறான். கம்பளம் நெய்ய ஏன் சின்னப் பிள்ளைகளைத் தேடுகிறார்கள் என்று நெசவு தெரிந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: விரல் சின்னதாக இருந்தால் முடிச்சு நெருக்கமாக விழும்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. மண்டபத்துத் தரைக்கென்று கம்பளம் நெய்ததும் ஆக்ரா சிறையில்தான். கொஞ்சம் தள்ளிச் சிவப்பும் தங்கமுமாக ஒரு படம், கையில் புத்தகத்தோடு அப்துல் கரீம். ராணிக்கு இந்துஸ்தானி சொல்லிக்கொடுத்த முன்ஷி. 1887-ல் பரிமாறும் ஊழியராக வந்தவர், ஒரே வருஷத்தில் ஆசிரியரானார். ராணி பதின்மூன்று நோட்டு நிறைய உருது எழுதிப் பழகினார். அந்தக் கரீம் முன்பு எழுத்தராக வேலை பார்த்த இடமும் ஆக்ரா சிறை. கைவினைஞர்களைக் கூட்டி வந்த சிறைக் கண்காணிப்பாளர் டைலர்தான் அவரையும் தேர்ந்தெடுத்து அனுப்பினார். ஆக, ராணியின் தீவு வீட்டுக்குள் வந்த இந்தியாவில் பெரும்பகுதி ஒரே ஒரு சிறையின் வாசல் வழியாக வந்திருக்கிறது. முகங்கள், கம்பளம், மொழி எல்லாமே. நான் நாற்காலி தேடி உட்கார்ந்துவிட்டேன்.

கரீமின் முடிவையும் சொல்ல வேண்டும். ராணி இறந்த சில நாளிலேயே, புது ராஜாவின் உத்தரவின்பேரில், ராணி அவருக்கு எழுதிய கடிதங்களையெல்லாம் வாங்கி எரித்தார்கள். ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். 1909-ல் ஆக்ராவில் இறந்தார்.

ராம் சிங்கின் படமும் இருக்கிறது, 1892-ல் ஸ்வோபோடா வரைந்தது. தலைப்பாகை, தாடி, நேராகப் பார்க்கும் கண். இந்தியா திரும்பிய பிறகு அமிர்தசரஸில் கால்சா கல்லூரியை வடிவமைத்தார். பின்னாளில் மேயோ பள்ளிக்கே முதல்வரானார். அந்தப் படத்துக்கு முன் நான் கொஞ்ச நேரம் நின்றேன். இதுவரை பார்த்த எந்த மாளிகையிலும் வேலை செய்தவர் படம் சுவரில் தொங்கி நான் பார்த்ததில்லை. அதற்காக அந்த ராணிக்கு நன்றி சொல்லத் தோன்றியது. பத்து நிமிஷம் முன்னால் தாது வருஷத்தை நினைத்த அதே மனசுதான். இரண்டையும் சேர்த்தேதான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மணி ஒன்றரை. தோட்டத்துக்கு வந்து, கையில் கொண்டுவந்த ரொட்டியைச் சாப்பிட்டோம். மாளிகைக்குப் பின்னால் படிப்படியாக இறங்கும் தோட்டம், அதற்கப்பால் மரங்கள், அதற்கும் அப்பால் நீலமாகச் சோலன்ட். நாங்கள் காலையில் வந்த வழி.

சின்னப் பேருந்து ஒன்று சுவிஸ் காட்டேஜுக்குப் போகிறது. 1850-களில் ராஜ பிள்ளைகளுக்காகக் கட்டிய மர வீடு. சமையலறையில் பிள்ளைகள் உயரத்துக்கு அடுப்பு. வெளியே ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பாத்தி, பெயரெழுத்து போட்ட தள்ளுவண்டி. தாங்களே பயிரிட்ட காய்கறியை அப்பா சந்தை விலை கொடுத்து வாங்கிக்கொள்வாராம். இவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. "நம்ம பள்ளிக்கூடத் தோட்டம் மாதிரி இருக்கு பாரு" என்றார். எனக்கும் பிடித்தது. ஆனால் அந்தத் தள்ளுவண்டியைப் பார்த்தபோதும் ராம்லால் வந்துவிட்டான்.

அங்கிருந்து கடற்கரை பக்கம். ராணி குளித்த சக்கர வண்டி அங்கே இருக்கிறது. வண்டிக்குள் உடை மாற்றிக்கொண்டு, வண்டியோடு தண்ணீரில் இறங்கி, யாரும் பார்க்காமல் குளிக்கலாம். 1847-ல் முதல் தடவை கடலில் குளித்தார். அவர் இறந்த பிறகு அந்த வண்டி கொஞ்ச காலம் கோழிக்கூண்டாக இருந்து, பிறகு மீட்டெடுக்கப்பட்டது. இதெல்லாம் மகள் வந்து சொன்னது. நான் போகவில்லை. "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க, நான் இன்னொரு தடவை உள்ளே போறேன்" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாம் முறை நடைவழியில் கூட்டம் இல்லை. ஒவ்வொரு படமாகப் பெயரை நோட்டில் எழுதினேன். அங்கே நின்ற ஊழியர், வயதான அம்மாள், என்னைப் பார்த்து நாற்காலி காட்டினார். நீங்கள் இந்தியாவா என்று கேட்டார். ஆமாம், தச்சர் மகள் என்றேன். ராம் சிங் படத்தைக் காட்டி, "அப்படியானால் உங்கள் ஆள் இவர்" என்றார்.

மூன்றரை மணி ஃபெர்ரியைப் பிடித்தோம். கப்பலில் ஏற வேண்டிய கடைசி நேரம் ஆறு மணி. நாமாகச் சுற்றப் போனால் கப்பல் காத்திருக்காது, அதனால் ஒரு மணி நேரமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஐந்துக்கே ஏறிவிட்டோம். சாயங்காலம் மறுபடி கோபுரங்களைக் கடந்தோம். வெயில் அவற்றின் மேல் விழுந்து இன்னும் மஞ்சளாகத் தெரிந்தன.

நாள் 4: லே ஹாவர்

இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து அழிந்த ஊர். ஓகுஸ்த் பெரே என்பவர் கான்கிரீட்டிலேயே திரும்பக் கட்டினார். புனித சூசையப்பர் கோயில் கோபுரம் 107 மீட்டர், உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் ஆயிரக்கணக்கான வண்ணக் கண்ணாடிகள். இதற்கு மேல் இன்று எழுத மனம் ஓடவில்லை.

மதியம் அறைக்கு வந்து நோட்டை எடுத்து, நேற்று கிறுக்கிய பெயர்களை நல்ல எழுத்தில் திரும்ப எழுதினேன். இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்கப்பா பேரையும் எழுதிடு" என்றார். ராம் சிங்குக்குக் கீழே எழுதினேன். ஊர் திரும்பியதும் மகளைக் கூட்டிக்கொண்டு, அப்பா செய்த கதவுகள் எந்தெந்த வீட்டில் இருக்கின்றன என்று போய்ப் பார்த்து, ஒவ்வொன்றையும் படம் எடுக்கப் போகிறோம். எனக்கு நினைவிருப்பவை பதினோரு வீடுகள்.

நாளை ஸேப்ரூகே. அங்கிருந்து ரயிலில் ப்ரூஜ்.